ஃபாக் வகை அட்டைகளுக்கு டெக்கில் இடம் கொடுக்கலாமா? (மேஜிக், கமாண்டர்)

பச்சைமானா (பாயான் பாரு)

எல்லாருக்கும் வணக்கம். கோம்தார் பக்கம் ஒரு கடையில் வெள்ளிக்கிழமை இரவு நாலு பேராக உட்கார்ந்து மேஜிக் அட்டை விளையாட்டின் கமாண்டர் வகையை ஆடுகிறோம் (ஒவ்வொரு டெக்குக்கும் தலைமையாக ஒரு கமாண்டர் அட்டை இருக்கும்). என் கமாண்டர் முல்ட்ரோத்தா, அதாவது கறுப்பு, பச்சை, நீலம். டேமேஜைத் தடுக்கும் அட்டைகளை (ஃபாக் அவற்றில் ஒன்று: அந்த டர்னின் காம்பாட் டேமேஜை, அதாவது கிரீச்சர்கள் மோதும்போது விழும் அடியை, முழுக்க நிறுத்தும்) டெக்கில் வைப்பதா வேண்டாமா என்று எங்கள் மேசையில் ஓயாத வாக்குவாதம். எதிரே உட்காரும் அண்ணன் சொல்வது இதுதான்: "ஃபாக் போட்டால் உன் கையில் ஓர் அட்டை குறைகிறது, என் பக்கம் ஒரு கிரீச்சர்கூடக் குறையவில்லை. அடுத்த டர்ன் அதே கூட்டம் திரும்ப வரும். அப்போது என்ன செய்வாய்?"

கணக்கு சரியாகத்தான் படுகிறது. ஆனால் அதே அண்ணன் போன வெள்ளிக்கிழமை கிரேட்டர்ஹூஃப் பெஹிமத்தை இறக்கி, குட்டி எல்ஃப்களை எல்லாம் பூதம் மாதிரி வளர்த்து, ட்ராம்பிளோடு (பிளாக் செய்தாலும் மிச்ச அடி ஆளின்மேல் விழும்) எங்கள் மூன்று பேரையும் ஒரே அட்டாக்கில் முடித்தார். யாராவது ஒருவர் கையில் ஒரு பச்சை மானாவும் (மானா என்பது அட்டை போட ஆகும் செலவு) ஒரு ஃபாக்கும் இருந்திருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

ஸ்போர் ஃபிராக் ஒன்று (பலி கொடுத்தால் ஃபாக் போல வேலை செய்யும் தவளை) ஏற்கெனவே டெக்கில் இருக்கிறது. அது போதுமா, கான்ஸ்டன்ட் மிஸ்ட்ஸ் மாதிரி இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாமா, இல்லை அந்த இடங்களை எதிரியின் அட்டைகளை அகற்றும் ரிமூவலுக்கே விட்டுவிடலாமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

நான் உங்கள் அண்ணன் கட்சி. நூறு அட்டையில் நிலமும் ரேம்ப்பும் (மானாவைக் கூட்டும் அட்டைகள்) போனபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதில் ஒவ்வோர் இடமும் வேலை செய்ய வேண்டும். சைக்ளோனிக் ரிஃப்ட்டை ஏழு மானா கொடுத்து ஓவர்லோடு செய்தால் (எதிரிகள் எல்லார்மேலும் ஒரே நேரத்தில் போட்டால்) அட்டாக்கும் நிற்கும், எதிரிகளின் மேசையும் காலியாகும். டாக்சிக் டிலூஜ் போட்டால் கிரீச்சரே மிச்சம் இருக்காது. ஃபாக் பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறது, தீர்க்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. எதிரி அட்டாக்கே செய்யாமல் ஜெயிக்கிற டெக் என்றால்? பிளட் ஆர்டிஸ்ட் வைத்து ஒவ்வொரு கிரீச்சரும் சாகச் சாக உயிரை உறிஞ்சுகிறவனுக்கு எதிராக உங்கள் ஃபாக் கையில் சும்மா கிடக்கும்.

பாலம்தாண்டி (பட்டர்வொர்த்)

நான் ஆடுவது போக்கிமான். தடுக்கும் அட்டைகள் எங்கள் பக்கம் தலைகீழ். அங்கே அவற்றை யாரும் குறைவாகப் பேசமாட்டார்கள். 1999இல் வந்த ஜங்கிள் தொகுப்பின் மிஸ்டர் மைம், 30க்கு மேல் அடி விழுந்தால் அதை அப்படியே தடுத்துவிடும், 30ஐயும் சேர்த்து. சின்ன அடிதான் அதற்கு எமன். எந்த டெக்கும் பெரிய அடிக்குத்தானே கட்டப்படுகிறது, அதனால் எதிரி திணறிப்போவார். 2023இல் வந்த மிமிக்யூவும் அதே வழிதான்: எக்ஸ், வி வகைப் போக்கிமான்களின் அட்டாக் டேமேஜ் அதன்மேல் ஏறாது. மேஜிக்கில் ஏன் இப்படி நிலையாக நிற்கும் சுவர்கள் குறைவு?

ஆயர்ஈத்தாம் அகிலா

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அட்டைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பாலம்தாண்டிக்கு முதலில். மேஜிக்கில் சுவர்கள் ஆரம்பத்திலேயே இருந்தன. 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே ஃபாக் இருக்கிறது, சமைட் ஹீலர் இருக்கிறது, சர்க்கிள் ஆஃப் புரொடெக்‌ஷன் வரிசை இருக்கிறது. கறுப்புக்கான சர்க்கிள் மட்டும் ஆல்ஃபாவில் விடுபட்டுப்போய், பீட்டாவில்தான் சேர்ந்தது. சர்க்கிள் ஒன்றை மேசையில் வைத்துவிட்டால், ஒரு மானா கொடுக்கும்போதெல்லாம் அந்த நிறத்தின் ஒரு சோர்ஸிலிருந்து உங்கள்மேல் வரும் அடுத்த அடி நிற்கும். சிவப்பு மட்டும் ஆடுகிறவர் எதிரே உட்கார்ந்தால் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதே தொகுப்பில் ஒரு மானாவுக்கு மூன்று என்ற வரிசையும் உண்டு: ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று அட்டை தரும், டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும், லைட்னிங் போல்ட் மூன்று டேமேஜ் செய்யும், ஜயன்ட் குரோத் பிளஸ் மூன்று தரும். வெள்ளைக்குக் கிடைத்தது ஹீலிங் சால்வ்: மூன்று உயிர் ஏற்றலாம், அல்லது மூன்று டேமேஜைத் தடுக்கலாம். ஐந்தில் பலவீனமானது அதுதான். செந்தூல்வாசி சொல்லும் குறை அதற்கு முழுக்கப் பொருந்தும்.

அது நாளாக நாளாக இன்னும் பலவீனமானதற்கு விதி மாற்றங்களும் ஒரு காரணம். பழைய விதியில் டேமேஜ் விழும் நேரத்தில் தடுப்பு அட்டைகளுக்கென்றே தனி இடைவெளி ஒன்று இருந்தது. எவ்வளவு அடி, யார்மேல் என்று கண்ணால் பார்த்தபின் சால்வைப் போடலாம். 1999இல் ஆறாம் பதிப்பு விதிகள் வந்து ஸ்டாக் முறையை (போட்டவை அடுக்காகக் காத்திருந்து, கடைசியாக வந்தது முதலில் நடக்கும்) கொண்டுவந்தபோது அந்த இடைவெளி போயிற்று. ஆனாலும் காம்பாட் டேமேஜ் ஸ்டாக்கில் உட்கார்ந்திருந்ததால் பார்த்துச் செய்ய வழி மிச்சம் இருந்தது. 2009 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பிளாக் அறிவித்து முடிந்ததும், டேமேஜ் பங்கிடப்படும் முன்பே நீங்கள் தடுப்பைப் போட்டாக வேண்டும். எதிரி இரண்டு பிளாக்கர்களில் யாருக்கு எத்தனை கொடுப்பார் என்று ஊகித்து, மூன்று புள்ளித் தடுப்பை ஒன்றின்மேல் வைக்கிறீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு மற்றதைக் கொல்கிறார். சின்னத் தடுப்புகள் செல்வாக்கு இழந்தது இப்படித்தான். எல்லாக் காம்பாட் டேமேஜையும் மொத்தமாகத் தடுக்கும் ஃபாக்குக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அது யாரையும் குறிவைப்பதில்லை, எண்ணிக்கையும் பார்ப்பதில்லை.

இப்போது பச்சைமானாவின் கேள்வி. "எதிரி பக்கம் ஒரு கிரீச்சர்கூடக் குறையவில்லை" என்பது இரண்டு பேர் ஆட்டத்தில் சரி. நாலு பேர் மேசையில் அது பாதி உண்மைதான். ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அண்ணன் கிரேட்டர்ஹூஃப் இறக்குகிறார். எட்டு மானா போய்விட்டது. ஒரு பிளாக்கரைக்கூட வீட்டில் விடாமல் எல்லா எல்ஃபையும் டேப் செய்து (அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி; திரும்ப நிமிர்த்தும் அன்டேப் வரை அவை பிளாக் செய்ய முடியாது) மூன்று பக்கமும் அனுப்புகிறார், ஏனென்றால் இதோடு ஆட்டம் முடிந்தது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் பிளாக் அறிவிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்து, ஒரு பச்சை மானாவுக்கு ஃபாக்கைப் போடுகிறீர்கள். ஒரு புள்ளி டேமேஜும் விழவில்லை. டர்ன் முடிந்ததும் அந்த எல்ஃப்கள் பழையபடி சின்னதாகிவிடும், அத்தனையும் டேப் ஆகிக் கிடக்கும். அவர் அன்டேப் செய்வதற்கு முன் மூன்று பேர் டர்ன் வருகிறது. மூன்று பேருக்கும் இப்போது அவர் மேல்தான் கண், அவரிடம் பிளாக் செய்ய ஆள் இல்லை. கிரீச்சர் குறையவில்லை, சரி. அவரே ஆட்டத்தில் இருந்தால்தானே அந்தக் கிரீச்சர்களுக்கு வேலை?

ஆகையால் ஃபாக்கை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது டர்னில் ஆறு டேமேஜைத் தடுக்க அதைச் செலவழிப்பது வீண். நாற்பது உயிர் அந்த ஆறைத் தாங்கத்தான் இருக்கிறது. எதிரி தன்னிடம் உள்ளதையெல்லாம் போட்டு முடிக்கப் பார்க்கும் அந்த ஒரு டர்னுக்காகக் கடைசிவரை கையில் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வெறும் ஃபாக்கைவிட டாங்கிள் நல்லது. இரண்டு மானா, ஒரே வித்தியாசம்: அட்டாக் செய்த கிரீச்சர்கள் அடுத்த அன்டேப்பிலும் எழுந்திருக்காது. மேலே சொன்ன காட்சியில் அண்ணனுக்கு இரண்டு சுற்று பிளாக்கர் இல்லை என்று அர்த்தம். அரக்னோஜெனிசிஸ் மூன்று மானா. உங்களை அட்டாக் செய்யும் ஒவ்வொரு கிரீச்சருக்கும் ஒரு சிலந்தி கிடைக்கும், சிலந்தி அல்லாத எதுவும் காம்பாட் டேமேஜ் செய்யாது. பிளாக்குக்கு முன்பே போட்டால் அந்தச் சிலந்திகள் பிளாக் செய்து கடிக்கவும் செய்யும். அப்ஸ்க்யூரிங் ஹேஸ் இன்னும் கூர்மை: உங்கள் கமாண்டர் மேசையில் இருந்தால் இலவசம், எதிரிகளின் கிரீச்சர்கள் செய்யும் டேமேஜை மட்டும் நிறுத்தும். உங்கள் பிளாக்கர்கள் வழக்கம்போலக் கொல்லலாம். "ஓர் அட்டை போச்சு, பதிலுக்கு ஒன்றுமில்லை" என்ற கணக்கு இந்த மூன்றுக்கும் பொருந்தாது.

நடுவர்மேசை (பிறை)

அகிலா அக்கா சொன்னதோடு விதிப்படி சில விஷயங்கள். வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி சண்டை வரும் இடங்கள் இவை.

டேமேஜ் தடுக்கப்பட்டால் டேமேஜ் நடக்கவே இல்லை என்று பொருள். ஆகவே லைஃப்லிங்கில் உயிர் ஏறாது, டெத்டச் கொல்லாது, "காம்பாட் டேமேஜ் செய்யும்போது" என்று ஆரம்பிக்கும் ட்ரிக்கர் எதுவும் எழாது, கமாண்டர் டேமேஜ் 21ல் (ஒரே கமாண்டரிடம் அவ்வளவு காம்பாட் டேமேஜ் வாங்கினால் தோல்வி) அது சேராது. இன்ஃபெக்ட் உள்ள (ஆட்டக்காரரின் உயிரைக் குறைக்காமல் விஷம் ஏற்றும்) பிளைட்ஸ்டீல் கொலோசஸ் உங்கள்மேல் வந்தால்கூட விஷக் கவுண்டர் ஒன்றும் வராது.

உயிர் இழப்பு வேறு, டேமேஜ் வேறு. "லூஸ் லைஃப்" என்று அட்டையில் இருந்தால் எந்தத் தடுப்பும் தொடாது. பிளட் ஆர்டிஸ்ட் பற்றி செந்தூல்வாசி சொன்னது அதனால்தான் சரி. கிரீச்சர் இறங்கும்போது அடிக்கும் இம்பாக்ட் ட்ரெமர்ஸ், பர்ஃபோரோஸ் இரண்டும் டேமேஜ்தான், ஆனால் காம்பாட் டேமேஜ் இல்லை. ஃபாக் அவற்றை நிறுத்தாது.

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருந்தால் டேமேஜ் இரண்டு கட்டமாக விழும். முதல் கட்டம் முடிந்தபின் ஃபாக் போட்டால் இரண்டாவது மட்டும்தான் நிற்கும்.

ஃபர்னஸ் ஆஃப் ராத் மாதிரி டேமேஜை இரட்டிப்பாக்கும் அட்டையும் உங்கள் தடுப்பும் ஒன்றாகச் செயல்பட வந்தால், எது முதலில் என்று தீர்மானிப்பது அடி வாங்குகிறவர், அடிக்கிறவர் இல்லை. போல்ட்டின் மூன்றை ஹீலிங் சால்வால் முதலில் தடுத்தால் இரட்டிப்பாக்க ஒன்றும் மிஞ்சாது. முதலில் இரட்டிப்பானால் ஆறில் மூன்று உங்கள்மேல் விழும். இந்த உரிமை தமக்கு இருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, தடுப்பையே தடுக்கும் அட்டைகள். ஸ்கல்கிராக் போட்டால் அந்த டர்ன் முழுக்க எந்த டேமேஜையும் தடுக்க முடியாது, உயிரும் ஏற்ற முடியாது. போன்கிரஷர் ஜயன்ட்டின் ஸ்டாம்ப் பக்கத்திலும் டேமேஜைத் தடுக்க முடியாது என்ற வரி உண்டு. குவெஸ்டிங் பீஸ்ட் மேசையில் இருந்தால் அந்த ஆட்டக்காரரின் கிரீச்சர்கள் செய்யும் காம்பாட் டேமேஜைத் தடுக்கவே முடியாது, ஃபாக் வீண். பச்சைமானாவுக்கு நீலமும் இருப்பதால் ஈத்தரைஸ் ஒன்று யோசிக்கலாம். அது டேமேஜைத் தடுப்பதில்லை, அட்டாக் செய்யும் எல்லாவற்றையும் கைக்கே திருப்பி அனுப்பிவிடும். டோக்கன்கள் என்றால் ஒரேயடியாகப் போய்விடும்.

பாலம்தாண்டி (பட்டர்வொர்த்)

> உயிர் இழப்பு வேறு, டேமேஜ் வேறு

எங்கள் பக்கமும் இதே சங்கதி உண்டு. மனாஃபி பெஞ்சில் (அட்டாக் செய்யாமல் காத்திருக்கும் போக்கிமான்களின் இடம்) இருந்தால் எதிரியின் அட்டாக்குகளால் பெஞ்சுக்கு டேமேஜ் வராது. ஆனால் டிராகாபுல்ட் எக்ஸ் 200 அடித்துவிட்டு, ஆறு டேமேஜ் கவுண்டர்களைப் பெஞ்சில் இஷ்டம்போல் வைக்கும். கவுண்டர் வைப்பது டேமேஜ் ஆகாது, மனாஃபி அதற்கு உதவாது. அட்டாக்கின் விளைவுகளையும் சேர்த்துத் தடுக்கும் ராப்ஸ்கா வேண்டும். இது புரியாமல் மனாஃபியை நம்பி உட்கார்ந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். எந்த விளையாட்டானாலும் அட்டையில் உள்ள வரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். யூகியோவில் குரிபோவைக் கையிலிருந்து போட்டால் உங்களுக்கு அடி விழாது, உங்கள் மான்ஸ்டர் செத்துவிடும். வபோக்கு போட்டால் இரண்டும் பிழைக்கும்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

அகிலா சொன்ன அந்த "டேப் ஆகிக் கிடக்கும்" கணக்கை ஒப்புக்கொள்கிறேன். டாங்கிள் நியாயமான அட்டை. ஆனால் நாலு பேர் மேசை என்பது எதிர்ப்பக்கமும் வெட்டும். உங்களை எதிர்த்து மூன்று டர்ன் வருகிறது. ஸ்போர் ஃபிராக்கை முல்ட்ரோத்தா உங்கள் டர்னில் ஒரு தடவைதான் கிரேவ்யார்டிலிருந்து (செலவான அட்டைகள் சேரும் குவியல்) எடுத்துத் தரும். மூன்று பேரில் ஒருவருடைய அட்டாக்கைத்தான் அந்தத் தவளை நிறுத்தும். ஐசோக்ரான் செப்டரில் (தன்னிடம் வைத்த அட்டையைத் திரும்பத் திரும்பப் போடவிடும்) ஃபாக்கை வைத்து ஆடுகிறவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள்: செப்டர் ஒரு தடவை டேப் ஆனால் உங்கள் அடுத்த டர்ன் வரை அவ்வளவுதான். அதோடு யாராவது போஜூகா பாக் இறக்கினால் உங்கள் கிரேவ்யார்டே எக்ஸைல் (ஆட்டத்தைவிட்டே வெளியே), தவளையும் போச்சு.

கான்ஸ்டன்ட் மிஸ்ட்ஸ் மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும், பைபேக்குக்கு (அட்டை கைக்கே திரும்பி வர) ஒரு நிலத்தைப் பலி கொடுத்தால் போதும். என் ஆட்சேபமே அங்கேதான். நிலங்களைத் திரும்ப எடுக்கும் டெக்கில் அது வந்துவிட்டால் யாரும் யாரையும் அடிக்க முடியாமல் ஆட்டம் நகராமல் கிடக்கிறது. வேலை முடிந்து எல்ஆர்டியில் வந்து ஆடுகிறவர்கள், கடை மூடும்வரை ஒரே ஆட்டத்தில் மாட்டிக்கொள்வது நியாயமா?

ஆயர்ஈத்தாம் அகிலா

நியாயமில்லை. இதில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். தடுப்பு அட்டை வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு டெக்கில் பதில் இருக்க வேண்டும். டர்போ ஃபாக் என்று பேர் வாங்கிய டெக்குகளைப் பாருங்கள். ஒவ்வொரு டர்னும் ஃபாக் போட்டுக்கொண்டே, ஹவ்லிங் மைன் வைத்து அட்டை எடுத்துக்கொண்டே, ஜெயிக்கும் வழியை நோக்கி நகர்ந்தன. 2018இல் நெக்ஸஸ் ஆஃப் ஃபேட் வைத்து ஆடியவர்கள் ரூட் ஸ்னேர் (அதுவும் ஃபாக் வகை) போட்டது அடுத்தடுத்து எக்ஸ்ட்ரா டர்ன் எடுக்கும் கட்டத்துக்குப் போய்ச் சேர. ஜெயிக்கும் வழி இல்லாமல் மிஸ்ட்ஸ் மட்டும் ஓட்டுகிறவரிடம் நானும் எழுந்து போய்விடுவேன்.

முல்ட்ரோத்தா டெக்கில் வழி இருக்கிறது. அந்தக் கமாண்டருக்கு வேண்டியதே இன்னும் இரண்டு டர்ன்தான். ஒவ்வொரு டர்னும் கிரேவ்யார்டிலிருந்து நிலம் ஒன்று, கிரீச்சர் ஒன்று, ஆர்ட்டிஃபாக்ட் ஒன்று, என்சான்ட்மென்ட் ஒன்று என்று எடுத்தால் மேசையில் யாரும் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. நேரம் வாங்கும் அட்டை நேரத்தால் பெருகும் டெக்கில்தான் உட்கார வேண்டும். வேகமாக அடித்து முடிக்கும் கோப்ளின் டெக்கில் ஃபாக் வைப்பவரைக் கண்டால் நானே தடுப்பேன்.

இன்னொரு அட்டை சொல்கிறேன். கிளேசியல் காஸம், 1995இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் வந்த நிலம். இறங்கும்போது ஒரு நிலத்தைப் பலி கொடுக்க வேண்டும், உங்கள் கிரீச்சர்கள் அட்டாக் செய்ய முடியாது, உங்கள்மேல் வரும் எல்லா டேமேஜும் தடுக்கப்படும். காம்பாட் மட்டும் இல்லை, எல்லாமே. நடுவர்மேசை சொன்ன இம்பாக்ட் ட்ரெமர்ஸும் இதில் அடங்கும். ஒவ்வோர் அப்கீப்பிலும் (உங்கள் டர்னின் தொடக்கம்) உயிரைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கிரேவ்யார்டுக்குப் போய்விடும், முதலில் 2, அப்புறம் 4, அப்புறம் 6 என்று ஏறும். முல்ட்ரோத்தாவில் அதைக் கொடுக்கவே வேண்டாம். அப்கீப்பில் காஸத்தைப் போகவிடுங்கள். உங்கள் டர்னில் அது மேசையில் இல்லை, தாராளமாக அட்டாக் செய்யுங்கள். அட்டாக் முடிந்தபின் கிரேவ்யார்டிலிருந்து அதையே அந்த டர்னின் நிலமாக இறக்குங்கள். மூன்று எதிரிகளின் டர்னிலும் உங்கள்மேல் டேமேஜ் இல்லை. செந்தூல்வாசி சொன்ன "மூன்றில் ஒன்று" பிரச்சினைக்கு இதுதான் பதில். விலை என்னவென்றால் ஒவ்வொரு சுற்றும் ஒரு நிலம் குறையும், எக்ஸ்ப்ளோரேஷன் மாதிரி கூடுதல் நிலம் இறக்க வழி இருந்தால் சமாளிக்கலாம். இதைச் செய்துகொண்டே நீங்கள் அட்டாக் செய்து ஆட்டத்தை முடிப்பதால் யாரும் கடை மூடும்வரை உட்கார வேண்டியதில்லை.

நடுவர்மேசை (பிறை)

காஸம் வைத்தால் இரண்டு எச்சரிக்கை. ஸ்ட்ரிப் மைன் ஒன்று வந்தால் அது உடையும், அந்த டர்னிலேயே அட்டாக் வரும். தடுக்க முடியாத டேமேஜ் அதையும் தாண்டும்.

வெள்ளை ஆடுகிறவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஃபரிஸ் புரொடெக்‌ஷன் போட்டால் உங்கள் அடுத்த டர்ன் வரை உயிர் எண்ணிக்கையே மாறாது. ஆகவே ஸ்கல்கிராக் டர்னில்கூட உயிர் குறையாது. அதே நேரம், அந்த டர்னில் இன்ஃபெக்ட் டேமேஜைத் தடுக்க முடியாமல் போனால் விஷக் கவுண்டர் ஏறும், ஏனென்றால் விஷம் உயிரைக் குறைப்பதில்லை. வெள்ளையும் கறுப்பும் என்றால் இங்க்‌ஷீல்டு பாருங்கள்: தடுத்த ஒவ்வொரு டேமேஜுக்கும் பறக்கும் இங்க்லிங் ஒன்று. கிரேட்டர்ஹூஃப் அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தால் மேசை நிறைந்துவிடும்.

பச்சைமானா (பாயான் பாரு)

எல்லாருக்கும் நன்றி. காஸத்தை அப்கீப்பில் போகவிடும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்போர் ஃபிராக் இருக்கட்டும், டாங்கிள் ஒன்று, அரக்னோஜெனிசிஸ் ஒன்று, காஸம் ஒன்று. ஈத்தரைஸுக்கு இடம் தேடுகிறேன். கான்ஸ்டன்ட் மிஸ்ட்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், எங்கள் மேசையில் ஒருவர் பாலம் தாண்டிப் போக வேண்டியவர். ஒரே ஒரு சந்தேகம்: நான் ஸ்போர் ஃபிராக்கைப் பலி கொடுக்கும்போது எதிரி அதற்குப் பதிலடியாக உடனே லைட்னிங் போல்ட் போட்டுத் தவளையைக் கொன்றால் தடுப்பு போய்விடுமா?

நடுவர்மேசை (பிறை)

போகாது. பலி கொடுப்பது அந்தத் திறனின் விலை. நீங்கள் அறிவித்த நொடியே தவளை கிரேவ்யார்டில் இருக்கும், கொல்ல அங்கே ஒன்றும் இல்லை. திறன் தனியாக ஸ்டாக்கில் நிற்கும். ஸ்டைஃபிள் மாதிரி திறனையே ரத்து செய்யும் அட்டை இருந்தால்தான் நிறுத்த முடியும்.

ஆயர்ஈத்தாம் அகிலா

பச்சைமானா, டாங்கிள் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, 2000இல் வந்த இன்வேஷன் அட்டை, ஓரம் லேசாகத் தேய்ந்திருக்கும். ஸ்லீவில் போட்டால் தெரியாது. வரும் வெள்ளிக்கிழமை நானும் அந்தப் பக்கம் வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன் தம்பி. காசு வேண்டாம்.